மங்கு படியும் தோலுக்கு ஸ்கின் டைட்டனிங்: சூடு வாங்கும் முன் படிக்க ஒரு முழு வழிகாட்டி

உங்கள் முன்னங்கையை ஒருமுறை பாருங்கள். தாளிக்கும்போது கடுகு தெறித்த இடம் எத்தனை மாதமாக அங்கே கறுப்பாக நிற்கிறது? புண் என்றைக்கோ ஆறிவிட்டது, நிறம் மட்டும் போகவில்லை. கொசுக்கடி, பரு, ஷேவிங் கீறல், வாட்ச் பட்டை உரசிய இடம் என்று எது பட்டாலும் கறுத்துப்போகிற தோல் உங்களுடையது என்றால், தளர்ந்த கன்னத்தையும் தாடையையும் சூட்டினால் இறுக்கும் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு தோல் கிளினிக்கில் 11 வருஷம் செவிலியராக இருந்தேன். சூட்டின் அளவை மருத்துவர் சொல்வார், மெஷினிலிருந்து வந்து தோலைத் தொடும் கைப்பிடியான ஹேண்ட்பீஸ் பெரும்பாலும் என் கையில் இருக்கும். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மெஷின் சேஃப் சிஸ்டர்?" மெஷின் பெயரைச் சொல்லி முடித்துவிடக்கூடிய பதில் இதற்குக் கிடையாது. மேல்தோலில் எத்தனை டிகிரி சூடு, எத்தனை விநாடி நின்றது? அதைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நம் தோல் அன்றைக்கே காட்டிக்கொடுக்காது, மூன்றாவது வாரம்தான் காட்டும். அதற்குள் பணமும் கட்டியாகிவிட்டிருக்கும், "ரிசல்ட் சூப்பர்" என்று ரிவ்யூவும் எழுதியாகிவிட்டிருக்கும்.

முதலில், சூடு உள்ளே என்ன செய்கிறது

வஞ்சிரம் துண்டைத் தவாவில் போட்டதும் தோல் பக்கம் சுருங்கி, துண்டு லேசாக வளையும், பார்த்திருப்பீர்கள். தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரத நார் சூட்டில் சுருங்குவதால் வருவது அது. நம் முகத்திலும் அதே நார்தான். உள்தோலில் 60 டிகிரிக்கு மேல் சூடு போனால் நார் சில விநாடிக்குள் சுருங்குகிறது. அதைவிடக் குறைந்த சூட்டில் பல நிமிடம் வைத்திருந்தால் சுருக்கம் கம்மி, ஆனால் உடம்பு அதை ஒரு சின்ன காயமாக எடுத்துக்கொண்டு புது நாரைக் கட்டத் தொடங்கும். கட்டி முடிக்க மூன்றிலிருந்து ஆறு மாதம். அடுத்த வாரம் கல்யாணம், அதற்குள் இறுக்கிக் கொடுங்கள் என்று வருகிறவர்களுக்கு அன்றைக்குத் தெரிவது பெரும்பாலும் வீக்கம்தான்.

சிக்கல் எங்கே என்றால், சூடு உள்தோலுக்குப் போகும் வழியில் மேல்தோலைத் தாண்ட வேண்டும். கன்னத்தில் மேல்தோலின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஒரு காகிதத் தாள் அளவு. அந்தத் தாளின் அடிவரிசையில் உட்கார்ந்திருக்கின்றன, தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்யும் செல்கள். வெள்ளைக்காரருக்கும் நமக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்முடையவை செய்யும் நிறத் துகள்கள் பெரியவை, நன்றாகப் பரவி நிற்பவை. லேசான அழற்சிக்கே வேலையை முடுக்கிவிடுகிற சுபாவமும் அவற்றுக்கு உண்டு. அடிவரிசை சூட்டில் உடைந்துபோனால் நிறத் துகள் கீழே உள்தோலுக்குள் சிந்திவிடும். மேலே தங்கிய கறுப்பு பழுப்பு நிறமாக இருக்கும், மாதக்கணக்கில் மங்கி மறையும். கீழே சிந்தியது சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும், வருஷக்கணக்கில் நிற்கும். சிலருக்குப் போவதே இல்லை.

சூட்டை நேரத்தோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 44 டிகிரி சூட்டில் மேல்தோல் வெந்து கெட மணிக்கணக்கில் ஆகும், 60 டிகிரியில் சில விநாடி போதும். அதனால்தான் ஹேண்ட்பீஸை நகர்த்தும் கை ஒரே இடத்தில் கொஞ்சம் தயங்கினால்கூட அது கணக்கில் வருகிறது.

படி 1: உங்கள் கருமை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிளினிக் படிவத்தில் "ஸ்கின் டைப் 4", "5" என்று எழுதியிருப்பார்கள். 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வகுத்த கணக்கு அது. வெயிலில் சிவக்குமா, கறுக்குமா என்பதை வைத்துப் பிரித்தார். 5, 6 என்ற கரிய தோல் வகைகள் பின்னால்தான் சேர்க்கப்பட்டன. நம்மில் பெரும்பாலோர் 4, 5, சிலர் 6. எண் தெரிவது நல்லதுதான், ஆனால் மாநிறமாக இருந்தும் சட்டென்று கறுக்கிறவர்கள் உண்டு, நல்ல கறுப்பாக இருந்தும் தழும்பே படியாதவர்கள் உண்டு. எண்ணை விட உங்கள் முன்னங்கை சொல்லும் கதையை நம்புங்கள்.

இப்போது கண்ணாடி முன் நின்று பிரித்துப் பாருங்கள்.

கன்னம், நெற்றி, மேலுதடு என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் படர்ந்த பழுப்புத் திட்டு என்றால் அது மங்கு. பிள்ளைப்பேறு, கருத்தடை மாத்திரை, வெயில், பரம்பரை எல்லாம் காரணம். இதில் சூடும் ஒரு பங்காளி. அடுப்படியிலேயே நிற்பவர்களுக்கு மங்கு கூடுவதைத் தோல் மருத்துவர்கள் நெடுநாளாகப் பார்த்து வருகிறார்கள். பரோட்டா கல்லுக்கு முன்னால் பத்து மணி நேரம் நிற்கும் மாஸ்டரின் முகத்தைக் கவனித்தால் உங்களுக்கே விளங்கும். மங்கு இருப்பவர்களுக்கு மேல்தோலைச் சூடாக்கும் எந்தச் சிகிச்சையும் இரட்டை ஆபத்து. தீக்காயமே படாவிட்டாலும், வெறும் சூட்டிலேயே பழைய திட்டு விழித்துக்கொள்ளும்.

பரு, காயம், வாக்சிங் சூடு பட்ட அதே இடத்தில் மட்டும் கறுப்பு என்றால் அது அழற்சிக்குப் பின் வந்த கருமை. இந்தச் சிகிச்சையில் நாம் பயப்படுவது இதற்குத்தான்.

கழுத்தில், அக்குளில் வெல்வெட் மாதிரி தடித்த கறுப்பு என்றால் அது வேறு கதை. அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அங்கே மெஷின் வைக்கும் முன் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நெற்றியிலோ கழுத்திலோ சாம்பல் நிறம் புதிதாகப் பரவிக்கொண்டு வந்தாலும் அது என்னவென்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சில தோல் நோய்கள் காயம் பட்ட இடமெல்லாம் புதிதாக முளைக்கும்.

படி 2: மெஷின்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள்

கடைப் பெயர்கள் நூறு இருக்கும். உள்ளே போனால் நாலே வழிதான்: ஒளி, ரேடியோ அலை, ஒலி, ஊசி.

ஒளி. நம் தோலுக்கு அதிகம் யோசிக்க வேண்டிய குடும்பம் இது. 1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைதான் இன்றைய லேசர் வைத்தியத்தின் அடிப்படை. எந்த நிறப்பொருள் ஒளியை உறிஞ்சுகிறதோ அதுதான் சூடாகும். மெலனின் ஒளியை நன்றாகவே உறிஞ்சும், அலைநீளம் கூடக் கூட உறிஞ்சுவது குறையும். ஆகவே 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசரும், பல அலைநீளங்களை ஒன்றாக வீசும் ஐ.பி.எல்.லும் கரிய தோலில் மேல்தோலைச் சுடும் வாய்ப்பு அதிகம். 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் மெலனினை அதிகம் சீண்டாமல் ஆழம் போகும், நல்ல குளிரூட்டலோடு செய்தால் நமக்கு ஓரளவு ஏற்றது. தோலைச் சீவும் சி.ஓ.2 லேசர் மெலனினைத் தேடிப் போவதில்லை, தண்ணீரைத் தேடிப் போகிறது. ஆனாலும் மேல்தோலையே ஓட்டை போடுவதால் கருமை வரும் வாய்ப்பு மிக அதிகம். வெறும் தளர்ச்சிக்காக மங்கு முகத்தில் அதைச் செய்துகொள்வதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ரேடியோ அலை. ஆர்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்வது. மின்சாரம் தோலுக்குள் ஓடும்போது திசுவின் தடையால் சூடு பிறக்கிறது, மெலனினுக்கு இதில் வேலை இல்லை. "இது நிறம் பார்க்காது மேடம், எல்லா ஸ்கின்னுக்கும் சேஃப்" என்று கிளினிக்கில் சொல்வது இதை வைத்துத்தான். சொல்வதில் பாதி உண்மை. மெஷின் நிறம் பார்க்காது, சரி. சூடு மேலே தங்கிப்போனால் உங்கள் தோல் அதற்கு நிறத்தால்தானே பதில் சொல்லும்?

இந்த வகையில் முன்னோடி தெர்மாஜ். 2002இல் கண்ணைச் சுற்றிய சுருக்கத்துக்கு, அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. தொடக்க காலத்தில் அதிக சக்தியை ஒரே சுற்றில் கொடுத்தார்கள். வலி, தீக்காயம், கொழுப்பு கரைந்து பள்ளம் விழுவது எல்லாம் நடந்தன. பிறகுதான் குறைந்த சக்தி, பல சுற்று, "எவ்வளவு சூடாக இருக்கிறது?" என்று படுத்திருப்பவரைக் கேட்டுக் கேட்டுச் செய்வது என்ற முறை வந்தது. நகர்த்திக்கொண்டே செய்யும் ஆர்.எஃப். வகையில் தோலின் மேற்பரப்பை 40 முதல் 42 டிகிரிக்குள் சில நிமிடம் நிறுத்துவார்கள். அதை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கையை வைத்துப் பார்த்து "சூடாகிவிட்டது" என்று சொல்வது அளவு ஆகாது.

ஒலி. ஹைஃபு என்பது. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல அல்ட்ராசவுண்ட் அலையை உள்ளே ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியில் மட்டும் 60 முதல் 70 டிகிரி. அல்தெரா என்ற கருவிக்குப் புருவம் தூக்க 2009இல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. 4.5, 3, 1.5 மில்லிமீட்டர் என்று ஆழங்கள் உண்டு, ஆழத்துக்கு ஏற்ப மாட்டும் முனைக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். ஆழமானவை மேல்தோலைத் தொடாமல் தாண்டிப் போவதால் கரிய தோலுக்கு இது கொள்கையளவில் நல்ல வழி. 1.5 வரும்போதுதான் சூடு மேல்தோலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மங்கு இருப்பவர்கள் "1.5 கார்ட்ரிட்ஜ் எனக்கு வேண்டுமா, ஏன்?" என்று கட்டாயம் கேளுங்கள். ஹேண்ட்பீஸுக்கும் தோலுக்கும் நடுவே காற்று புகுந்தாலும் ஒலி உள்ளே சரியாக இறங்காது, மேலேயே சூடாகும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேர்வரிசையாகத் தடிப்பு வந்தால் இதுதான் காரணம். ஒல்லி முகத்தில் ஹைஃபு கொழுப்பையும் குறைத்து இன்னும் வாடலாகக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஊசி. ஆர்.எஃப். மைக்ரோநீட்லிங். நுண்ணூசிகள் உள்தோலுக்குள் இறங்கி, அங்கே சூடு விடும். ஊசியின் தண்டு மூடப்பட்டு நுனி மட்டும் சூடாகும் வகை மேல்தோலுக்கு நல்லது, தண்டு முழுக்கச் சூடாகும் வகையில் ஆழம், சக்தி இரண்டிலும் கவனம் அதிகம் வேண்டும். இரண்டிலும் ஊசிக் குத்தல் என்பதே ஒரு காயம். 2025 அக்டோபரில் எஃப்.டி.ஏ. இந்தச் சிகிச்சையைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை விட்டது. தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, முக விகாரம், நரம்புப் பாதிப்பு எல்லாம் பதிவாகியிருப்பதாகவும், இதை வீட்டில் செய்யக்கூடாது என்றும் சொன்னது. ஆன்லைனில் இந்த மாதிரிக் கருவிகள் பண்டிகைத் தள்ளுபடியில் விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

படி 3: இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள்

கர்ப்பிணிகள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், ஆர்.எஃப். பக்கமே போகக்கூடாது. சிகிச்சை இடத்தில் உலோகத் தகடு, கம்பி இருப்பவர்கள். முகத்தில் சீழ்ப் பரு, உதட்டோரக் கொப்புளம் ஓடிக்கொண்டிருப்பவர்கள். காயம் பட்டால் தடித்து எழும்பும் கெலாய்டு உடம்புக்காரர்கள், குறிப்பாக ஊசி வகையை. போன மாதம் கோவா, கொடைக்கானல் என்று வெயிலில் கறுத்து வந்தவர்கள் நாலு வாரமாவது பொறுக்கட்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், முகத்தில் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டவர்களும் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் "முகம் வெளுக்க" என்று கேட்டு வாங்கிய டியூபை வருஷக்கணக்கில் பூசுகிறவர்கள். அதில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு இருக்கும். 2018இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ஹெச் அட்டவணையில் சேர்த்து, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது. கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும். இந்த க்ரீம் தோலை மெலிதாக்கி, ரத்தக் குழாயை மேலே கொண்டுவந்து, நிறுத்தினால் எரிய வைக்கும். அந்தத் தோலில் சூடு வைப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். டியூபைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவார், பரவாயில்லை. அதைச் சரிசெய்ய ஆகும் மாதங்களுக்குப் பிறகு டைட்டனிங்கைப் பற்றி யோசிக்கலாம்.

படி 4: ஆளைப் பாருங்கள், பிறகு மெஷினை

தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி., அல்லது டிப்ளமோ படித்தவரா என்று பாருங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகையை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

கன்சல்டேஷனில் கேட்க வேண்டியவை எனக்குத் தெரிந்து இவை: என் மாதிரி நிறத்தில், என் மாதிரி மங்கு உள்ளவர்களுக்கு இதே மெஷினில் செய்த படங்கள், அதிலும் ஒரு மாதம் கழித்து எடுத்தவை, இருக்கின்றனவா? ஹேண்ட்பீஸை யார் பிடிப்பார்கள், அப்போது மருத்துவர் கட்டடத்தில் இருப்பாரா? கறுத்துப்போனால் என்ன செய்வீர்கள், அதற்குத் தனியாகக் காசா? முகம் முழுக்கச் செய்யும் முன் ஒரு சின்ன இடத்தில் செய்து பார்க்கும் டெஸ்ட் பேட்ச் வைப்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தால் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம். "இன்றைக்கே கட்டினால் ஆறு சிட்டிங் பாதி விலை" என்றாலும் அப்படியே.

படி 5: நாலு வாரத்துக்கு முன்பிருந்து

சன்ஸ்க்ரீன். இதை இரண்டு வாரமாவது ஒழுங்காகப் போடாதவர்களை எங்கள் மருத்துவர் கட்டிலில் ஏற்றவே மாட்டார், அது சரி என்று இன்றும் நினைக்கிறேன். எஸ்.பி.எஃப். 30க்கு மேல். மங்கு இருப்பவர்களுக்கு லேசாகச் சாயம் கலந்த, அயர்ன் ஆக்ஸைடு உள்ள வகை நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நம் தோலைக் கறுக்க வைக்கும், வெள்ளை சன்ஸ்க்ரீன் அதைத் தடுப்பதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. பொட்டு வைப்பதுபோலத் தொட்டு வைத்தால் போதாது. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

மங்குக்கு மருத்துவர் ஏற்கெனவே மருந்து கொடுத்திருந்தால் முதலில் அது அடங்கட்டும். நன்றாக மங்கி, இரண்டு மூன்று மாதம் அப்படியே நின்ற பிறகு டைட்டனிங் பற்றிப் பேசலாம். ரெட்டினால், ட்ரெட்டினாயின், பழ அமிலம் எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். அந்த வாரம் ப்ளீச், முகத்தில் வாக்சிங், த்ரெடிங், எலுமிச்சை தேய்ப்பது எதுவும் வேண்டாம். கத்திரி வெயிலில் வேலையாக அலைய வேண்டியவர் என்றால் சிகிச்சையையே ஆடி கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: டெஸ்ட் பேட்ச், அப்புறம் காத்திருத்தல்

காதுக்கு முன்னால், அல்லது தாடைக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணய அளவு இடம். முகத்துக்குக் கொடுக்கப்போகும் அதே மெஷின், அதே அளவு, முடிந்தால் அதே கை. அன்றைக்கு ஒரு படம், மறுநாள் ஒன்று, பிறகு வாரம் ஒன்று, எல்லாம் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில்.

பல இடங்களில் இரண்டு நாள் கழித்துப் பார்த்து "ஓகே" என்றுவிடுகிறார்கள். இரண்டு நாளில் தெரிவது தீக்காயம் மட்டும். கருமை எழுவது இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். நாலு வாரம் விடுங்கள். "அவ்வளவு நாளா?" என்று அலுத்துக்கொள்ளாதவர்கள் இல்லை. கறுத்துப்போன ஒரு திட்டு மங்க ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகும், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: கட்டிலில் படுத்த பிறகு

இந்தப் பகுதியை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா. ஐந்து வாரத்தில் மகள் கல்யாணம். ஆர்.எஃப்., இடது கன்னம் முடிந்து வலது கன்ன எலும்பின் மேலே போய்க்கொண்டிருக்கிறேன். ஏ.சி. ஓடுகிறது, ஜெல் காய்ந்து ஹேண்ட்பீஸ் லேசாகப் பிடித்து இழுக்கிறது. இன்னும் இரண்டு சுற்றுதானே என்று நான் ஜெல் போடவில்லை. அந்த அம்மாவின் கை கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. "சூடா இருக்காம்மா?" என்றேன். "பொறுத்துக்கறேன் சிஸ்டர், நீங்க பண்ணுங்க" என்றார். பண்ணினேன். நாலணா அளவுக்கு ஒரு சிவப்பு. சாயங்காலம் போன் செய்தேன், மறைந்துவிட்டது என்றார். மூன்றாவது வாரம் அதே இடத்தில், அதே நாலணா அளவுக்குக் கறுப்பு. கல்யாணத்துக்கு மேக்கப் போட்டு மறைத்தார்கள். மங்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த அம்மா ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பொறுத்துக்கொள்வது நம்மிடம் ஊறிப்போன குணம். அந்தக் கட்டிலில் அது உதவாது. எந்த அளவில் சூடு போதும் என்பதைச் சொல்லும் கருவிகளில் ஒன்று உங்கள் வாய். தொடங்கும் முன்பே "பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள், ஏழைத் தாண்டினால் நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பரவலான கதகதப்பு சரி. ஊசி முனையில் சுரீரென்று ஒரே புள்ளியில் சுட்டால் கையைத் தூக்குங்கள், யார் என்ன நினைத்தாலும் சரி. ஆர்.எஃப். சிகிச்சைக்கு முகத்தை முழுசாக மரத்துப்போக வைக்கும் க்ரீமை நான் விரும்புவதில்லை, எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிப்போடுவது மாதிரி. ஊசி வகைக்கு அது இல்லாமல் முடியாது, அங்கே மருத்துவரின் கணக்கை நம்ப வேண்டியதுதான்.

இன்னும் சில. ஜெல் காய்ந்து ஹேண்ட்பீஸ் இழுத்தால் உங்களுக்கே தெரியும், கேட்டுப் போடச் சொல்லுங்கள். கம்மல், மூக்குத்தி, சங்கிலி எல்லாம் கழற்றியாக வேண்டும். சில ஆர்.எஃப். மெஷின்களில் மின்சாரம் திரும்பிப் போக முதுகிலோ தொடையிலோ ஒட்டும் பேட் முழுசாக ஒட்டியிருக்க வேண்டும், பாதி பிரிந்த பேடின் கீழேயும் சுடும். தாடை எலும்பு, கன்ன எலும்பு, நெற்றிப் பொட்டு இங்கெல்லாம் தோல் மெலிசு, சக்தியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பயன்படுத்திய அளவை உங்கள் சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வேறு கை பிடித்தாலும் தொடங்கும் இடம் தெரியும்.

சிகிச்சையின்போது தோல் வெளிறினாலோ சாம்பல் பூத்தாலோ அங்கேயே நிறுத்தியாக வேண்டும். முடிந்ததும் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பின்

இளஞ்சிவப்பு சில மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள். ஹைஃபுவுக்குப் பிறகு தாடையில் தொட்டால் வலி சில நாள், லேசான வீக்கம். ஊசி வகையில் மணல் ஒட்டியதுபோலப் பொடிப் பொருக்கு ஒரு வாரம் வரை. இதெல்லாம் வழக்கம்.

ஒரு வாரத்துக்கு ஆவி பிடிப்பது, கொதிக்கும் சாம்பார் மேல் குனிந்து நிற்பது, வெந்நீரில் முகம் கழுவுவது, ஜிம்மில் வியர்த்துக் கொட்டுவது வேண்டாம். மஞ்சள், முல்தானி மட்டி, ஸ்க்ரப், எதையும் தேய்க்காதீர்கள். பொருக்கை நகத்தால் பெயர்த்தால் அந்த இடம் கறுப்பது கிட்டத்தட்ட நிச்சயம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சாயம் கலந்த சன்ஸ்க்ரீன், அவ்வளவுதான் அலமாரி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்குள்ளும் போட வேண்டும், புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி கண்ணாடியைத் தாண்டி வரும்.

கொப்புளம், ஈரம் கசிவது, 24 மணி நேரம் தாண்டியும் கோடு கோடாகத் தடிப்பு, வாய் ஒரு பக்கம் கோணுவது, மரத்துப்போவது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சுட்ட இடத்தில் உடனடியாகக் குழாய்த் தண்ணீர், அல்லது அதில் நனைத்த துணியை மாற்றி மாற்றி, 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள் வேண்டவே வேண்டாம். தொடக்க நாட்களில் அழற்சியை அடக்க மருத்துவர் சில நாளுக்கு மட்டும் ஒரு ஸ்டீராய்டு பூச்சு எழுதுவார். மேலே நான் திட்டிய அதே வகை மருந்துதான். சரியான நாளில், சரியான அளவில் அது பின்னால் வரும் கருமையைக் குறைக்க உதவும்.

படி 9: மூன்றாவது வாரத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தால்

படத்தோடு போய்க் காட்டுங்கள். பழுப்பா, சாம்பலா என்று விளக்கு வைத்துப் பார்ப்பார். பழுப்பு என்றால் நம்பிக்கையாக இருக்கலாம். சன்ஸ்க்ரீனோடு அஸிலாயிக் அமிலம், நியாசினமைடு மாதிரி மெதுவானவற்றில் தொடங்குவார்கள். ஹைட்ரோகுவினோன் வேகமாக வேலை செய்யும், ஆனால் மூன்று நாலு மாதம் என்ற எல்லைக்குள், மருத்துவர் கண்பார்வையில் மட்டும். அதை வருஷக்கணக்கில் பூசியவர்களுக்கு நீலக் கறுப்பாக நிரந்தரத் திட்டு வந்திருக்கிறது. மங்குக்குச் சிலருக்கு எழுதும் ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரை ரத்தம் உறைவதோடு தொடர்புள்ளது, தோழிக்குக் கொடுத்தார்கள் என்று நீங்களும் வாங்கிச் சாப்பிடக்கூடாது.

இந்த இடத்தில்தான் பலரும் இரண்டாவது தப்பைச் செய்கிறார்கள். பதறிப்போய் அதே வாரம் பீலிங், லேசர் டோனிங் என்று இறங்குவது. சூட்டால் கறுத்த தோலுக்கு மேலும் ஒரு சூடு. அழற்சி முழுதாக அடங்கும் வரை, குறைந்தது சில வாரமாவது, பூச்சு மருந்தோடு நிற்பது நல்லது.

டைட்டனிங்கின் அடுத்த சிட்டிங் அந்தக் கறுப்பு முழுசாக மங்கிய பிறகுதான். அப்போதும் பழைய சீட்டில் எழுதி வாங்கிய அளவை விடக் குறைத்து, மறுபடி ஒரு டெஸ்ட் பேட்ச், மறுபடி நாலு வாரம். "உங்க பேக்கேஜ் இந்த மாசத்தோட முடியுது மேடம்" என்று ரிசப்ஷனிலிருந்து போன் வரும். தேதியை நீட்டித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், முடியாது என்றால் மீதிப் பணத்தைக் கேளுங்கள்.